துண்டு இல்லாத சந்தை

டாலஸ், டெக்சாஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செந்தில் எழுதுவது. பெரியம்மா முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தாங்களே, கேட்டுதா? அடுத்த ஃபோனில் சொல்லுங்க.

வண்டி எடுத்த சேதி தெரிந்ததும் நீங்க கேட்ட முதல் கேள்வி, "என்ன வெலைக்குப்பா முடிஞ்சுது?" நான் "எழுதறேனுங்க" என்று நழுவினேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசியே காலம் ஓட்டின தரகர் நீங்க. உங்களிடம் இந்தக் கதையை ஒற்றை எண்ணில் சொல்லி முடித்தால் தொழிலுக்கே மரியாதையில்லை.

இந்த ஊரில் எதற்கும் பேரம் கிடையாதுங்க. தக்காளிக்கு இல்லை, செருப்புக்கு இல்லை. கொசுறு கேட்டால் கடைக்காரப் பெண் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். போட்டுப் பார்த்த சட்டை பிடிக்கவில்லை என்று மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோனாலும் மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பித் தருவார்கள். வீட்டை விட்டால் கார் ஒன்றுதான் பேரம் பேசி வாங்குகிற சரக்கு. எழுதியிருக்கிற விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவனைக் கடைக்காரனே கேலி செய்கிற ஒரே இடம் அதுதான்.

காரணம் சட்டம். டெக்சாஸில் கார் செய்கிற கம்பெனி நேராக நமக்கு விற்கக் கூடாது. நடுவில் டீலர் இருந்தே ஆகவேண்டும். டெஸ்லாக்காரர் 2021-இல் தலைமையகத்தையே ஆஸ்டினுக்குக் கொண்டுவந்துவிட்டார். பக்கத்திலேயே மலை மாதிரி தொழிற்சாலை. ஆனாலும் டெக்சாஸ்காரன் இங்குள்ள ஷோரூமுக்குள் போய்க் காசைக் கொடுத்து அந்த வண்டியை ஓட்டிவர முடியாது. கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டுத்தான் வாங்கவேண்டும். நாடு முழுக்க இப்படிப் பதினாறாயிரத்துக்கும் மேல் டீலர்கள். தரகரைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற தேசம் இது. அந்தக் காலத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அப்போதே விசாவுக்கு எழுதிப் போட்டிருப்பீங்க.

நாங்கள் போன கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. பேர் வேண்டாம். வண்டிக் கம்பெனியின் பேரைச் சொன்னாலே கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அதுவும் வேண்டாம். ஏழு பேர் உட்காருகிற வேன் என்று வைத்துக்கொள்ளுங்க. நம்ம வீட்டுத் தோட்டத்தைப் போல நாலு மடங்கு தார் போட்ட இடம். வரிசை வரிசையாக வண்டி, எல்லாம் ஒரே திசை பார்த்து. ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பந்தல் போடும் அளவுக்கு அமெரிக்கக் கொடி. வாசலில் ஒரு சிவப்புத் துணிக் குழாய்ப் பொம்மை, அடியில் ஃபேன் வைத்திருக்கிறார்கள், விழுந்து விழுந்து எழுந்து ஆடுகிறது. டிரினிடாட் தீவுக் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷல் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்காக யோசித்த வடிவமாம் அது. உலகமே பார்த்த மேடையில் ஆடினது, இன்று கார் கடை வாசலில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஹூஸ்டன் நகரம் ஊர் லட்சணத்தைக் கெடுக்கிறது என்று அதற்குத் தடைகூடப் போட்டது. சின்னவனுக்கு வேனைவிட அதுதான் பிடித்திருந்தது.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்றைக்குக் கடை பூட்டு. டெக்சாஸ் சட்டப்படி கார் கடைக்காரர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து விற்கக் கூடாது, ஒன்றை விட்டே ஆகவேண்டும். எல்லாரும் ஞாயிற்றை விடுகிறார்கள். இது தெரிந்த சனம் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு வரும். விற்பனைக்காரன் யாரும் கிட்ட வராத ஒரே நாள் அது. ஒரு தெலுங்குக் குடும்பம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தது. ஒரு மெக்சிகோ தாத்தா டிரக் ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே நெற்றியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிற ஜனங்களைப் பார்த்தபோது உங்க ஞாபகம்தான். சந்தை கூடுவதற்கு முந்தின சாயங்காலமே போய்க் கட்டுத்தறியில் மாடு பார்த்துவிட்டு வருவீங்களே, அது.

ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த 1958-ஆம் வருடச் சட்டம். அதற்கு முன் டீலர் வாயில் வந்ததுதான் விலை. இப்போது கம்பெனி சொல்கிற விலை, சேர்த்த சாமான் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, எந்த ஊரில் பூட்டினது என்பது வரை அச்சடித்திருக்கும். வாங்குகிறவர் கைக்குப் போகும்முன் அதைக் கிழித்தால் அபராதம். மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி சுழி சுத்தமா என்று பார்க்கவே தேவையில்லை, எல்லாம் எழுதியே இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். உங்க மருமக விரலை நீட்டி, பக்கத்தில் அதே நிறத்தில், அதே எழுத்தில் ஒட்டியிருந்த இன்னொரு சீட்டைக் காட்டினாள். அது டீலர் ஒட்டினது. கதவு ஓரத்துக்கு ரப்பர், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், டயருக்கு நைட்ரஜன். எல்லாம் சேர்த்து 1,995 டாலர். நைட்ரஜன் மட்டும் 199.

பெரியப்பா, நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். அதை இலவசமாகத்தான் இத்தனை வருசமும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். நைட்ரஜனுக்கு அடையாளமாக அந்த டயர்களின் வால்வுக்குப் பச்சை மூடி போட்டிருந்தார்கள். எட்டு உருப்படி தள்ளிப் பழைய வண்டி ஒன்றுக்கும் பச்சை மூடி இருந்தது. அதன் டயர் பாதி இறங்கிக் கிடந்தது.

அன்று ராத்திரியே உங்க மருமக வேலையைத் தொடங்கிவிட்டாள். சுற்று வட்டாரத்தில் அந்த வண்டி விற்கிற அத்தனை கடைக்கும் மின்னஞ்சல்: "வரி, பதிவு, காகிதச் செலவு எல்லாம் சேர்த்து, வண்டி உங்க கேட்டைத் தாண்டும்போது என்ன விலை? மாசத் தவணை வேண்டாம்." நேரில் போய்ப் பேசினால் என்ன என்றேன். ஏதோ கட்டுரையைக் காட்டினாள். இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ பக்கத்துக் கடைகளுக்கு ஆள்களை அனுப்பினாராம். எல்லாருக்கும் ஒரே வசனம், ஒரே பேர முறை. 1991-இல் முடிவை வெளியிட்டார். வெள்ளைக்கார ஆண்களுக்குக் குறைந்த விலை, வெள்ளைக்காரப் பெண்களுக்கு அதைவிட அதிகம், கறுப்பினப் பெண்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். "மெயிலுக்கு மூஞ்சி இல்லைங்க" என்றாள். துண்டுக்கடியில் கையைப் பிடிக்கும்போதுகூட ஆள் யார் என்று தெரிந்துதானே விலை சொல்வீங்க? அவள் அதையும் தாண்டிப் போய்விட்டாள்.

பாதிப் பேர் "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் போட்டார்கள். மிச்சப் பேர் எண் சொன்னார்கள். ஒருவர் எண்ணை இன்னொருவருக்கு அனுப்பி, அவர் எண்ணை முதலாமவருக்கு அனுப்பி, கடைசியில் அந்த நைட்ரஜன் கடையே குறைவாக வந்து நின்றது. மாசக் கடைசி நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். அன்றைக்கு இலக்கு எட்டாவிட்டால் கடைக்குக் கம்பெனி தருகிற ஊக்கத்தொகை போய்விடும். சந்தை கலைகிற நேரத்தில் மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போக மனசில்லாதவனைத் தேடிப் போவீங்களே, அந்தக் கணக்கு.

எங்களுக்கு வாய்த்தது ஒரு கென்யாப் பையன். நல்ல பையன். தண்ணீர் பாட்டில் தந்தான், பாப்பாவுக்குப் பாப்கார்ன் தந்தான், இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டு, காங்கேயம் என்றதும் தெரிந்த மாதிரியே தலையாட்டினான். வண்டியை ஓட்டிப் பார்த்தது பற்றி எழுத ஒன்றுமில்லை. நன்றாக ஓடுகிறது. பிறகு எங்க பழைய கொரோலாவின் சாவியை வாங்கிக்கொண்டு, "மதிப்புப் பார்க்கிறோம்" என்றான்.

இந்தக் காட்சியை நீங்க பார்த்திருக்க வேண்டும். கட்டம் போட்ட சட்டை, கையில் அட்டை, ஒரு பெரியவர் வந்தார். எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கொரோலாவை மெதுவாகச் சுற்றினார். பின்பக்க பம்பரில் ஒரு கீறல், அதன்மேல் விரலை வைத்தார், நிறுத்தினார், எங்களைப் பார்த்தார், அட்டையில் எழுதினார். கதவில் ஷாப்பிங் வண்டி இடித்த பள்ளம், அதிலும் விரல், பார்வை, எழுத்து. குனிந்து டயரைத் தடவினார். கதவைத் திறந்து மூச்சை இழுத்தார் (போன வாரம் சாம்பார் கொட்டினது). ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். அவர் ஒரு சுற்று முடிப்பதற்குள் எனக்கே அந்த வண்டியில் இத்தனை நாள் எப்படிப் போனோம் என்று வெட்கமாகிவிட்டது. பேசாமலே விலையைக் குறைக்கிற இந்த வித்தை இங்கே விற்பனைப் பயிற்சியில் சொல்லித்தருகிற பாடமாம். வாலுக்குக் கீழே சுழி இருக்கிற மாட்டைப் பார்த்து நீங்க "ம்ச்" என்று ஒரு சப்தம் போடுவீங்களே, விற்கிறவன் முகம் செத்துப்போகுமே, அதேதான். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. அதற்குப் பதில் ஓடின மைல் கணக்கு.

"3,500 டாலர்" என்று வந்தது. உங்க மருமக கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேரம் பேசாமல் விற்பதையே கொள்கையாக வைத்திருக்கிற கார்மேக்ஸ் என்ற பெரிய கடை, பழைய வண்டியை எழுத்தில் விலை சொல்லி வாங்கிக்கொள்ளும். அந்த விலை ஏழு நாள் செல்லும். காகிதத்தில் 5,800. கென்யாப் பையன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "மேனேஜரைக் கேட்டு வருகிறேன்" என்று எழுந்தான்.

இந்த மேனேஜர் விஷயம்தான் கடையின் மூலஸ்தானம். கூடத்தின் நடுவில் இரண்டு படி உயரத்தில் ஒரு மேடை, அதில் நாலைந்து பேர் கம்ப்யூட்டர் முன்னால். அங்கிருந்து கீழே வரமாட்டார்கள். பையன்தான் பூசாரி. போவான், மேஜையில் கையூன்றி நிற்பான், அவர்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், திரும்பி வருவான், முகத்தைச் சோகமாக்கிக்கொள்வான். ஒரு தடவை அங்கே நின்று பீட்ஸா தின்றுவிட்டு வந்ததை நானே பார்த்தேன். வந்து, "உங்களுக்காக ரொம்பப் போராடினேன்" என்றான். மீசையில் சீஸ்.

வரும்போது ஒரு தாளோடு வந்தான். தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, நாலு கட்டம். ஒன்றில் வண்டி விலை, ஒன்றில் பழைய வண்டிக்குத் தருவது, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாசத் தவணை. தடித்த பேனாவால் மாசத் தவணையை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி, "இது சரிப்படுமா?" என்று கேட்டான். சூது அங்கேதான். தவணையைக் குறை என்றால் குறைப்பார்கள், ஐந்து வருசம் ஆறாகிவிடும். பழைய வண்டிக்குக் கூட்டிக் கொடு என்றால் கொடுப்பார்கள், புது வண்டி விலை சத்தமில்லாமல் ஏறிவிடும். ஒரு கட்டத்தை அழுத்தினால் இன்னொன்று உப்பும். நாலையும் ஒரே நேரத்தில் பார்க்க நமக்குக் கண் பத்தாது.

பெரியப்பா, நான் நினைத்துப் பார்த்தேன். சந்தையில் துண்டைப் போட்டு மறைப்பீங்க. ஊருக்குத் தெரியாது, ஆனால் கையைப் பிடித்த இரண்டு பேருக்கும் விலை தெரியும், ஒரே விலை. இங்கே துண்டே இல்லை. வெளிச்சமான கூடம், வெள்ளைத் தாள், கொட்டை எழுத்து, கையெழுத்துப் போட ஒரு கோடு. எல்லாரும் பார்க்கலாம். வாங்குகிறவனுக்கு மட்டும் விலை தெரியாது. இரண்டில் யோக்கியமானது எது என்று கேட்டால் நான் துண்டுப் பக்கம்தான்.

உங்க மருமக அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மெயிலில் ஒத்துக்கொண்ட மொத்தத் தொகையை எழுதி, கொரோலாவுக்கு 5,800-ஐக் கழித்து, அடிக்கோடு போட்டு நீட்டினாள். பையன் மறுபடி படியேறினான். மேடையிலிருந்து ஒரு தலை முதல்முறையாக எங்க பக்கம் திரும்பியது. நைட்ரஜன் சீட்டு ரத்தானது. டயரிலிருந்து நைட்ரஜனைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். இதில் ஒரு நல்ல விஷயம், டெக்சாஸில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்தபிறகு மிச்சத்துக்குத்தான் 6.25 சதவீத விற்பனை வரி. அதனால் அதே விலைக்குக் கார்மேக்ஸிடம் விற்பதைவிட இவர்களிடம் தள்ளிவிட்டது லாபம்.

முடிந்தது என்று எழுந்தோம். முடியவில்லை. "ஃபைனான்ஸ் ஆபீஸில் ஒரு கையெழுத்து மட்டும்" என்றான். அந்த அறைக்கு வெளியே காக்கவைத்த நேரத்தில் சின்னவன் தூங்கிவிட்டான், பாப்பா பாப்கார்ன் மிஷினோடு நட்பாகிவிட்டது.

உள்ளே கோட்டுப் போட்ட ஒரு கனவான். மேஜைமேல் மனைவி மக்கள் படம், ஒரு பைபிள், வாசனை மெழுகுவத்தி. எங்க கல்யாணம் எப்போது என்று விசாரித்தார். கடை உண்மையில் சம்பாதிப்பது இந்த அறையிலும் பின்னாலிருக்கிற சர்வீஸ் பட்டறையிலும்தான். புது வண்டியை விற்பதில் நிற்கிற லாபம் ரொம்ப மெலிசு. ஆகவே வெளியே இழந்ததை அவர் உள்ளே மீட்க வேண்டும். கூடுதல் வாரன்டி. விபத்தில் வண்டி ஒழிந்து, கடன் அதன் மதிப்பைவிட மிஞ்சி நின்றால் அந்த வித்தியாசத்தைக் கட்ட ஒரு இன்ஷூரன்ஸ். சீட்டில் கறை படியாமல் ஒரு திரவம். திருடன் பயப்படுவதற்காகக் கண்ணாடியில் வண்டி எண்ணைப் பொறித்தல். ஒவ்வொன்றுக்கும் "மாசம் வெறும் பதினெட்டு டாலர்", "ஒரு நாளைக்கு ஒரு காப்பிக் காசுகூட இல்லை". வேண்டாம் என்று சொன்னால், "வேண்டாம்" என்பதற்குத் தனித்தனியாகக் கையெழுத்து. பிள்ளைகளைக் காப்பாற்ற மறுத்த தகப்பன் என்று வாக்குமூலம் எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது.

இடையில், வட்டி 7 சதவீதம் என்று ஒரு வரி ஓடியது. இதுதான் ஆட்டத்தின் நடுப்பகுதி. கடன் தருகிற வங்கி 5 சதவீதம் என்று டீலரிடம் சொல்லும். டீலர் அதன்மேல் ஒன்றோ இரண்டோ ஏற்றி நமக்குச் சொல்லலாம், வித்தியாசத்தில் பெரும்பங்கு அவருக்கு. சட்ட விரோதமில்லை. 40,000 டாலரை ஆறு வருசத்துக்குக் கடன் வாங்கினால் 5 சதவீதத்தில் மாசம் 644 டாலர், 7 சதவீதத்தில் 682. முப்பத்தெட்டு டாலர்தானே என்று தோன்றும். ஆறு வருசம் முடியும்போது 2,700 டாலருக்கு மேல் போயிருக்கும். உங்க மருமக கைப்பையை மறுபடி திறந்தாள். எங்க கூட்டுறவுக் கடன் சங்கம் 5 சதவீதத்துக்குத் தருகிறோம் என்று எழுதிக்கொடுத்த கடிதம். கனவான் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், "அதிர்ஷ்டம், இன்னொரு வங்கி 4.9-க்குச் சம்மதிக்கிறது" என்றார். ஐந்து நிமிசத்துக்கு முன்னால் அந்த வங்கி எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் பைபிள் இருந்தது.

இந்த அறைகளுக்குக் கடிவாளம் போட அரசு முயலாமல் இல்லை. விலையில் பொய் சொல்லக் கூடாது, பயனில்லாத உபரியைத் தலையில் கட்டக் கூடாது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி அறிவித்தது. பயனில்லாததற்கு அதில் காட்டின உதாரணம் என்ன தெரியுமா? சாதாரணக் காற்றைவிடக் கூடுதலாக நைட்ரஜன் இல்லாத நைட்ரஜன் டயர். டீலர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஜனவரியில், கொண்டுவந்த முறை சரியில்லை என்று அப்பீல் கோர்ட் விதியையே தள்ளுபடி செய்துவிட்டது. பச்சை மூடி பிழைத்தது.

கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். வீடு தேடி வந்து விற்கிறவனிடம் வாங்கினதை மூன்று நாளைக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். கடையில் போய் வாங்கின காருக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டைக்கு உண்டு, காருக்கு இல்லை.

வெளியே வந்தால், வேன் தலையில் குடை அளவு சிவப்பு ரிப்பன் முடிச்சு. படம் எடுத்தார்கள். உங்களுக்கு வாட்ஸாப்பில் வந்தது அதுதான். ரிப்பன் காந்தத்தில் ஒட்டினது, படம் எடுத்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விட்டது. கிளம்பும்போது பையன் ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். கம்பெனியிலிருந்து ஒரு கேள்வித்தாள் வரும், எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்துப் போடுங்க, ஒன்பது போட்டால்கூட எனக்கு ஃபெயில், போனஸ் போய்விடும் என்றான். இந்த வண்டியில் அவனுக்குக் கிடைப்பது குறைந்தபட்சக் கமிஷன் மட்டும்தானாம், லாபத்தை மேடம் விட்டுவைக்கவில்லை என்று சிரித்தான். உங்க மருமக வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பத்து போட்டாள். 'உங்கள் அனுபவத்தைச் சொந்த வார்த்தைகளில் எழுதுக' என்ற கட்டத்தில் மட்டும் டயர் பற்றி ஒரு பத்தி எழுதினாள்.

மறுநாள் கோயிலில் பூசை. எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி நசுக்கினோம். வாகன பூசைக் கட்டணம் பலகையில் எழுதியிருந்தது, பேரமில்லை.

டெட்ராய்ட் பக்கம் ஜோ ஜிரார்ட் என்று ஒரு விற்பனைக்காரர் இருந்தார். 1963-லிருந்து 1978 வரை ஒற்றை ஆளாக 13,001 கார் விற்று கின்னஸில் ஏறினவர். வாங்கின ஒவ்வொருவருக்கும் மாசம் தவறாமல் வாழ்த்து அட்டை போடுவாராம். இப்போது அந்த வேலையை மெஷின் செய்கிறது. சின்னவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து, வேனின் முதல் மாதம் நிறைந்ததற்கு வாழ்த்து. நேற்று ஒரு பெண் குரல்: "உங்க வேனுக்கு இப்போது நல்ல கிராக்கி. கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுத்துக்கொள்ளலாமே?" இன்னும் சீட்டின் பிளாஸ்டிக் வாசம்கூடப் போகவில்லை. உங்க மருமக ஸ்பீக்கரைப் போட்டு, "சரி, என்ன விலைக்கு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிசம், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றது குரல்.

பெரியம்மாவுக்கும் சின்னப் பாட்டிக்கும் எங்க வணக்கம். சாளைப் பக்கத்துத் தொட்டி கட்டி முடிந்துவிட்டதா?

இப்படிக்கு,
உங்க மகன்,
செந்தில்